விண்டோஸ் ஆக்டிவேஷன் திடீரென்று போனால்: காத்திருப்பதா, மீட்பதா, புதிதாக வாங்குவதா?

என் அத்தை மகன் தென்காசிப் பக்கம் டிடிபி கடை வைத்திருக்கிறார். கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், விசிட்டிங் கார்டு என்று வைகாசி முழுக்க அவருக்கு ஓயாத வேலை. அந்த நேரம் பார்த்து லேப்டாப்பின் மதர்போர்டு பழுதானது. வாரண்டி இருந்ததால் சர்வீஸ் சென்டரில் மாற்றி வாங்கி வந்தார். மறுநாள் காலை திரையின் வலது கீழ் மூலையில் வெளிறிய எழுத்தில் 'ஆக்டிவேட் விண்டோஸ்' என்று வந்து நின்றது. உடனே எனக்குப் போன்.

"மாப்ள, விண்டோஸ் போச்சு. பக்கத்துக் கடைப் பையன் ஃபார்மட் அடிச்சு வேற போட்டுத் தாரேங்கான். குடுத்துரட்டா?"

"மச்சான், ரெண்டு நாள் எதையும் தொடாதீங்க. ஞாயித்துக்கிழமை நான் வந்து பாக்கேன்" என்றேன்.

இப்படிக் கேட்டு வரும் ஒவ்வொருவரிடமும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: தொடாதீர்கள். ஆக்டிவேஷன் என்பது உங்கள் விண்டோஸுக்கு முறையான உரிமம் இருக்கிறது என்று மைக்ரோசாஃப்ட் உறுதிசெய்வது. அது போனதால் அன்றைக்கே ஒன்றும் நின்றுவிடாது. கோப்புகள் அப்படியே இருக்கும், மென்பொருள்கள் ஓடும், பாதுகாப்பு அப்டேட்களும் வரும். வால்பேப்பர், நிறம் போன்றவற்றை அமைப்புகளில் மாற்ற முடியாது, மூலையில் அந்த எழுத்து நிற்கும், அவ்வளவுதான். அப்படியே காலம் முழுக்க ஓட்டலாம் என்று நான் சொல்லவில்லை. உரிம விதிப்படி அது சரியல்ல, தொழில் செய்யும் இடத்தில் கூடவே கூடாது. ஆனால் நிதானமாக யோசிக்க நேரம் இருக்கிறது. அவசரப்பட்டு ஃபார்மட் செய்தால், ஏன் போனது என்று கண்டுபிடிக்க உதவும் தடயங்களும் சேர்ந்தே போய்விடும்.

என்ன செய்வது என்பதற்குக் குறைந்தது 6, 7 வழிகள் உண்டு. அவற்றில் எது நமக்கு என்பதைத் தீர்மானிப்பது ஒரே கேள்வி: உங்களிடம் இருப்பது எந்த வகை உரிமம்?

அதைத் தெரிந்துகொள்ள ஒரு நிமிடம் போதும். கட்டளைகளைத் தட்டச்சும் ஜன்னலான கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து ஆங்கிலத்தில் எஸ்எல்எம்ஜிஆர் என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு, டிஎல்ஐ என்று அடியுங்கள் (slmgr /dli). சிறு பெட்டி ஒன்று திறக்கும். அதில் விவரம் என்ற வரியில் ஓஇஎம், ரீடெய்ல், வால்யூம் என்ற மூன்றில் ஒரு சொல் இருக்கும். கீழே கீயின், அதாவது உரிமக் குறியீட்டின், கடைசி ஐந்து எழுத்துகள் இருக்கும். போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டிஎல்ஐ இருந்த இடத்தில் எக்ஸ்பிஆர் (xpr) என்று போட்டால், ஆக்டிவேஷன் நிரந்தரமா அல்லது ஒரு தேதியோடு முடிவதா என்று சொல்லும். அமைப்புகளில் சிஸ்டம், அதற்குள் ஆக்டிவேஷன் பக்கம் போனால் பிழை எண்ணும் கிடைக்கும். அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஓஇஎம் என்றால் லேப்டாப்போடு சேர்ந்து வந்த உரிமம். விண்டோஸ் 8 வந்த 2012 முதல், இப்படி விண்டோஸோடு விற்கப்படும் கணினிகளில் கீ மதர்போர்டிலேயே இருக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸுக்குள் பதிந்திருக்கிறது. அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் காணாமல் போனதற்குக் காரணம் அதுதான். ரீடெய்ல் என்றால் தனியாக வாங்கியது, ஒரு கணினியிலிருந்து எடுத்து இன்னொன்றுக்கு மாற்றலாம். வால்யூம் என்றால் நிறுவனம், கல்லூரி போன்ற இடங்களுக்கு மொத்தமாகக் கொடுப்பது.

இங்கே ஒரு குழப்பம் உண்டு, நானே நெடுநாள் ஏமாந்த இடம். கடைசி ஐந்து எழுத்து 3வி66டி (3V66T) என்றோ 8எச்விஎக்ஸ்7 (8HVX7) என்றோ இருந்தால், பெட்டியில் ரீடெய்ல் என்று காட்டினாலும் அது நீங்கள் கடையில் வாங்கிய கீ அல்ல. முன்னது புரோ பதிப்புக்கும் பின்னது ஹோம் பதிப்புக்கும் எல்லோருக்கும் பொதுவாக வைக்கப்பட்ட கீ. 2015-இல் விண்டோஸ் 10 வந்தபோது மைக்ரோசாஃப்ட் டிஜிட்டல் உரிமம் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. அதில் உங்கள் உரிமை கீயில் இல்லை. உங்கள் கணினியின் வன்பொருள் அடையாளத்தை மைக்ரோசாஃப்ட்டின் சர்வர் நினைவில் வைத்திருக்கிறது, அந்த நினைவில்தான் உரிமை இருக்கிறது. ஆகவே அந்தப் பொதுக் கீயைக் குறித்து வைத்துக்கொண்டு, உரிமம் பத்திரமாக இருக்கிறது என்று நம்பக் கூடாது.

இனி வழிகளுக்கு வருவோம்.

நீங்கள் எதையுமே மாற்றவில்லை என்றால், அதாவது புதிய எஸ்எஸ்டி போடவில்லை, பயாஸ் அப்டேட் செய்யவில்லை, மறுபடி இன்ஸ்டால் செய்யவில்லை, ஆனாலும் ஆக்டிவேஷன் போய்விட்டது என்றால், காத்திருப்பதுதான் என் முதல் தேர்வு. இது சோம்பேறித்தனமான அறிவுரையாகத் தோன்றலாம். 2018 நவம்பர் 8-ஆம் தேதி நடந்ததைப் பாருங்கள். முறையாக ஆக்டிவேட் ஆகியிருந்த விண்டோஸ் 10 புரோ கணினிகள் பல, திடீரென்று 'உங்களிடம் இருப்பது ஹோம் உரிமம்' என்று சொல்லத் தொடங்கின. கோளாறு மைக்ரோசாஃப்ட்டின் ஆக்டிவேஷன் சர்வரில் இருந்தது. அவர்கள் அதைச் சரிசெய்ததும் கணினிகள் தாமாகவோ, ஆக்டிவேஷன் பக்கத்தில் உள்ள சிக்கல் தீர்க்கும் கருவியான ட்ரபிள்ஷூட்டரை ஒரு முறை ஓட்டிய பிறகோ பழைய நிலைக்குத் திரும்பின. அன்றைக்கே பதறி ஹோம் பதிப்பை இன்ஸ்டால் செய்தவர் எத்தனை வேலையை வீணாக்கியிருப்பார்! இரண்டு மாதம் கழித்து, 2019 ஜனவரியில், அலுவலகங்களில் இருந்த விண்டோஸ் 7 கணினிகள் 'இது உண்மையான பிரதி அல்ல' என்று காட்டின. அங்கேயும் சர்வர் பக்கம் செய்த ஒரு மாற்றம்தான் காரணங்களில் ஒன்று, மைக்ரோசாஃப்ட் அதைத் திரும்பப் பெற்றது.

காத்திருக்கும்போது இரண்டைச் சரிபார்த்துவிடுங்கள். ஒன்று, தேதி. பழைய கணினிகளில் மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பட்டன் செல் தீர்ந்து, கடிகாரம் பல வருடம் பின்னால் போயிருக்கும். தேதி தப்பாக இருந்தால் சர்வரோடு பாதுகாப்பான தொடர்பே கிடைக்காது. சில்லறைக் காசில் முடிகிற வேலை. இன்னொன்று, விபிஎன் அல்லது பிராக்ஸி ஓடுகிறதா என்பது. அதை நிறுத்திவிட்டு, நாளுக்கு ஒரு முறை எஸ்எல்எம்ஜிஆர் சாய்கோடு ஏடிஓ (slmgr /ato) என்ற, ஆக்டிவேஷனை மறுபடி முயலும் கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். இரண்டு நாளில் சரியாகவில்லை என்றால்தான் அடுத்த வழி.

வன்பொருள் மாறியிருந்தால் காத்திருந்து பயனில்லை. பிழை எண் எஃப்211 என்று முடிந்தால், வன்பொருள் மாறிவிட்டது என்று பொருள். எஃப்213 என்றால், இந்தக் கணினியில் கீயே இல்லை என்கிறது. மதர்போர்டு மாற்றியவர்கள் இந்த இரண்டில் ஒன்றைத்தான் பார்ப்பார்கள். இவர்களுக்கு வேகமான வழி ட்ரபிள்ஷூட்டர். ஆக்டிவேஷன் பக்கத்தில் அதை அழுத்தி, 'இந்தச் சாதனத்தில் அண்மையில் வன்பொருளை மாற்றினேன்' என்பதைத் தேர்ந்து, மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால் உங்கள் சாதனங்களின் பட்டியல் வரும். உங்களுடையதைச் சுட்டினால் சில நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் ஒரு நிபந்தனை. கணினி நன்றாக இருந்த காலத்திலேயே உரிமம் உங்கள் கணக்கோடு இணைந்திருக்க வேண்டும். இந்த வசதி 2016 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் 10-இன் 1607 அப்டேட்டிலிருந்தே இருக்கிறது, என்றாலும் கடைக்காரர் மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாமல் லோக்கல் அக்கவுண்ட் போட்டுக் கொடுத்ததை அப்படியே ஓட்டுபவர்கள்தான் நம்மிடையே அதிகம். ஹோம், புரோ என்ற பதிப்பும் ஒன்றாக இருக்க வேண்டும். ஓஇஎம் உரிமத்தைப் பழைய லேப்டாப்பிலிருந்து வேறு லேப்டாப்புக்கு இதன் வழியாக நகர்த்தவும் முடியாது.

மச்சானும் லோக்கல் அக்கவுண்ட்தான். ட்ரபிள்ஷூட்டர் கதவு மூடிவிட்டது. நான் போய்ப் பார்த்தபோது பிழை எஃப்213. பயாஸில் கீ இருக்கிறதா என்று விண்டோஸின் இன்னொரு கட்டளை ஜன்னலான பவர்ஷெல்லில் கேட்டேன். வெறும் வரி வந்தது. உதிரியாக வரும் மதர்போர்டுகளில் கீ பதியாமல் வெற்றாக வருபவை உண்டு. அவற்றில் அந்தக் கணினிக்குரிய கீயைப் பதித்துக் கொடுப்பது சர்வீஸ் செய்பவரின் வேலை. அவசரத்தில் அந்த ஒரு படியை விட்டுவிட்டால், லேப்டாப் ஓடும், விண்டோஸ் மட்டும் ஆளைத் தெரியாது என்று சொல்லிவிடும்.

இந்த இடத்தில் மச்சானுக்கு மூன்று தேர்வுகள் இருந்தன. புதிதாக ரீடெய்ல் உரிமம் வாங்குவது ஒன்று. மைக்ரோசாஃப்ட்டின் அமெரிக்க விலையில் விண்டோஸ் 11 ஹோம் சுமார் 140 டாலர், புரோ சுமார் 200 டாலர். பத்திரிகை அச்சடித்துச் சம்பாதிக்கும் கடைக்கு அது பெரிய தொகை. பக்கத்துக் கடைப் பையனின் யோசனை இன்னொன்று. மூன்றாவது, சர்வீஸ் சென்டருக்கே திரும்பிப் போவது. அலைச்சல் என்று அவர் தயங்கினார். நான் விடவில்லை. பழுதான போர்டை அதே தயாரிப்பாளர் மாற்றித் தரும்போது ஓஇஎம் உரிமம் சாகாது, அது அவர் ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கிய பொருள். பில்லையும் ஜாப் ஷீட்டையும் எடுத்துக்கொண்டு போய், "போர்டில் கீ பதியாமல் இருக்கிறது, பதித்துத் தாருங்கள்" என்று அந்தச் சொல்லிலேயே கேட்கச் சொன்னேன். 'விண்டோஸ் வேலை செய்யவில்லை' என்று சொன்னால் ஃபார்மட் செய்து கொடுத்துவிடுவார்கள். மூன்றாம் நாள் லேப்டாப் வந்தது, இணையம் கிடைத்ததும் தானாக ஆக்டிவேட் ஆனது. ஒரு ரூபாய் செலவில்லை. வாரண்டிக்குள் போர்டு மாறியிருந்தால், எத்தனை அலைந்தாலும் இந்த வழியைத்தான் நான் சொல்வேன்.

வாரண்டி முடிந்து, வெளியில் எங்கோ பழைய போர்டு வாங்கிப் போட்டவர் நிலைமை வேறு. அந்த ஓஇஎம் உரிமம் பழைய போர்டோடு போய்விட்டது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஃபார்மட் செய்த பிறகு ஆக்டிவேஷன் போனால், பெரும்பாலும் பதிப்புக் குழப்பம்தான். நம் ஊரில் விற்கும் லேப்டாப்கள் பலவற்றில் இருப்பது ஹோம் சிங்கிள் லாங்வேஜ் என்ற பதிப்பு. அதன் பொதுக் கீ 6எஃப்4பிடி (6F4BT) என்று முடியும். கையில் இருக்கும் பென்டிரைவில் புரோ இருந்தால் அதையே எல்லோருக்கும் போட்டுவிடும் பழக்கம் இருக்கிறது. ஹோம் உரிமத்தை வைத்துக்கொண்டு புரோ ஆக்டிவேட் ஆகாது, பிழை எஃப்212 என்று முடிந்தால் அதுதான் சேதி. இந்த ஒரு சிக்கலுக்கு மட்டும் ரீ-இன்ஸ்டால் சரியான மருந்து. புரோவிலிருந்து ஹோமுக்குக் கீ மாற்றி இறங்க முடியாது, சரியான பதிப்பைப் புதிதாகத்தான் போட வேண்டும். மைக்ரோசாஃப்ட்டின் சொந்த மீடியா கிரியேஷன் டூலில் பென்டிரைவ் தயாரித்தால், பயாஸில் உள்ள கீயைப் படித்து அதற்குரிய பதிப்பை அதுவே எடுத்துக்கொள்ளும்.

விண்டோஸின் உரிமக் கோப்புகள் கெட்டுப்போவதும் உண்டு, ஆனால் அரிது. விண்டோஸ் கோப்புகளைச் சோதித்துச் சரிசெய்யும் டிஐஎஸ்எம், எஸ்எஃப்சி (DISM, SFC) கட்டளைகளை ஓட்டினால் பெரும்பாலும் போதும். எங்கோ பார்த்தோம் என்று எஸ்எல்எம்ஜிஆர் கட்டளையோடு யூபிகே (upk) என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். அது இருக்கும் கீயையே கழற்றிவிடும்.

அலுவலகம், கல்லூரி லேப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அங்கே தவறான முடிவு ஒரு கணினியோடு நிற்பதில்லை.

வால்யூம் உரிமத்தில் இரண்டு முறைகள். கேஎம்எஸ் முறையில், நிறுவனத்துக்குள்ளேயே ஒரு சர்வர் இருந்து மற்ற கணினிகளை ஆக்டிவேட் செய்யும். ஒரு முறை ஆக்டிவேட் ஆனால் 180 நாள் செல்லும். ஒவ்வொரு கணினியும் 7 நாளுக்கு ஒரு முறை சர்வரைத் தேடிப் போய்ப் புதுப்பித்துக்கொள்ள முயலும். 180 நாளும் சர்வர் கிடைக்கவே இல்லை என்றால் ஆக்டிவேஷன் போய்விடும். நிறுவன லேப்டாப்பை வீட்டுக்குக் கொண்டுவந்து மாதக்கணக்கில் அலுவலக நெட்வொர்க்கைத் தொடாமல் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு நாள் அந்த எழுத்து வருவது இதனால்தான். பிழை எஃப்074 என்று முடியும். மருந்து எளிது: அலுவலக விபிஎன்னில் சேர்ந்துகொண்டு ஏடிஓ கட்டளை. அப்போதும் வரவில்லை என்றால், 1688 என்ற போர்ட் விபிஎன் வழியாகத் திறந்திருக்கிறதா என்று ஐடி பிரிவிடம் கேளுங்கள். நீங்களே கீ வாங்கிப் போட வேண்டாம், அது உங்கள் கணினி அல்ல.

எம்ஏகே முறையில் ஒவ்வொரு கணினியும் நேராக மைக்ரோசாஃப்ட்டோடு பேசி ஒரு முறை ஆக்டிவேட் ஆகிறது, பிறகு புதுப்பிக்கத் தேவையில்லை. ஆனால் அந்தக் கீக்கு எண்ணிக்கை வரம்பு உண்டு, ஃபார்மட் செய்து மறுபடி போடப் போட அது குறையும்.

சிறு கல்லூரிகள் தடுமாறுவது எங்கே என்றால், கேஎம்எஸ் சர்வர் வேலை செய்ய விண்டோஸ் கணினிகள் குறைந்தது 25 அதனிடம் வந்திருக்க வேண்டும். 20 கணினி உள்ள லேபில் சர்வரைச் சரியாக நிறுவினாலும், 20 கணினியும் ஆக்டிவேட் ஆகாமலே நிற்கும். பிழை எங்கே என்று நாள்கணக்கில் தேடுவார்கள், பிழையே இருக்காது. 25-க்குக் குறைவு என்றால் எம்ஏகே. 40, 50 கணினிகள், வருடா வருடம் செமஸ்டர் விடுமுறையில் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போடும் பழக்கம் என்றால் கேஎம்எஸ். வெளியூரில் சுற்றும் லேப்டாப்களுக்கு மட்டும் எம்ஏகே. இரண்டையும் கலந்து வைத்துக்கொள்வதில் தடையில்லை.

இதோடு சேர்ந்த கசப்பான உண்மை ஒன்று. கடையில் பழைய லேப்டாப் வாங்கினீர்கள், சில மாதம் கழித்து ஆக்டிவேஷன் போனது, டிஎல்ஐ பெட்டியில் வால்யூம் கேஎம்எஸ் என்று இருக்கிறது என்றால், அதில் உங்களுக்கு முறையான உரிமம் இருந்ததே இல்லை. ஏதோ நிறுவனத்தின் பதிப்போ, போலி ஆக்டிவேட்டரோ போட்டிருக்கிறார்கள். பில்லோடு விற்றவரிடம் போய்க் கேளுங்கள். ஒரு நல்ல வாய்ப்பும் உண்டு. அந்த லேப்டாப்பின் பயாஸில் தயாரிப்பாளர் பதித்த கீ இன்னும் உறங்கிக்கொண்டிருக்கலாம். மேலே சொன்னபடி சரியான பதிப்பைப் போட்டால் செலவில்லாமல் முறையான விண்டோஸ் கிடைத்துவிடும். எதையும் வாங்கும் முன் இதைச் சோதித்துவிடுங்கள்.

போலி ஆக்டிவேட்டரை மறுபடி ஓட்டுவது ஒரு வழியே அல்ல. ஆன்ட்டிவைரஸை நிறுத்து என்று கேட்டுத்தான் அவை உள்ளே வருகின்றன. 2021 டிசம்பரில் ரெட் கேனரி என்ற பாதுகாப்பு நிறுவனம், அப்படிப்பட்ட ஒரு பிரபல ஆக்டிவேட்டரின் பெயரில் உலவிய கோப்புகளோடு கிரிப்ட்பாட் என்ற தகவல் திருடும் மென்பொருளும் வருவதைக் காட்டியது. பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்கள்தான் அதன் குறி. கடையில் வாடிக்கையாளரின் ஆதார் நகலும் வங்கி விவரமும் வந்து போகும் கணினியில் அதை ஓட்டலாமா?

சில நூறு ரூபாய்க்கு இணையத்தில் விற்கும் கீகளைப் பற்றி நிறைய பேர் கேட்கிறார்கள். அவை ஆக்டிவேட் ஆவதுண்டு, அதனால்தான் விற்கின்றன. ஆனால் அவற்றில் பல, எங்கோ ஒரு நிறுவனத்துக்குக் கொடுத்த எம்ஏகே கீயிலிருந்து கிள்ளிக் கொடுக்கப்பட்டவை. அந்தக் கீ முடக்கப்பட்டால் சி003 என்று முடியும் பிழையும், பலர் பயன்படுத்தித் தீர்த்துவிட்டால் சி020 என்று முடியும் பிழையும் வரும். கையில் கீ இருப்பதால் உரிமம் இருப்பதாகாது. அந்தக் காசைச் சேர்த்து வைத்து முறையாக வாங்குங்கள் என்பேன்.

முறையாக வாங்குவதும் எல்லாக் கணினிக்கும் பொருந்தாது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி கணினியில் வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ வேண்டும். உங்கள் கணினி அதற்கு முந்தையது என்றால், ஆக்டிவேஷன் போனதற்காகப் புது உரிமம் வாங்குவது கூரை ஒழுகும் வாடகை வீட்டுக்கு வெள்ளையடிப்பது போல. விண்டோஸோடு வரும் வேறு கணினிக்குப் போவது மேல். வீட்டில் நாமே சேர்த்த டெஸ்க்டாப், விண்டோஸ் 11 ஓடும், அடுத்த போர்டு மாற்றத்தையும் தாங்க வேண்டும் என்றால் ரீடெய்ல் உரிமம் முழு மதிப்புள்ளது. வாங்கிய அன்றே கணக்கோடு இணைத்துவிடுங்கள்.

கடைசியாக, விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளம் லினக்ஸ். நான் லினக்ஸை நேசிப்பவன், ஆனாலும் எல்லோருக்கும் சொல்வதில்லை. கணக்கு எழுதும் டாலி விண்டோஸில்தான் ஓடும். பேஜ்மேக்கரில் பாமினி எழுத்துருவோடு பல வருடக் கோப்புகளை வைத்திருக்கும் மச்சான் போன்றவர்களை அங்கே போகச் சொன்னால், முகூர்த்த நாளுக்குப் பத்திரிகை வராது. ஆனால் பிள்ளைகள் படிக்க, இணையம் பார்க்க, கடிதம் தட்டச்ச என்றிருக்கும் பழைய கணினிக்கு லினக்ஸ் மின்ட் மிக நல்ல முடிவு. தமிழ்99 விசைப்பலகை ஐபஸ் என்ற தட்டச்சுக் கருவி வழியாகக் கிடைக்கும், லிப்ரே ஆபீஸில் யூனிகோட் தமிழ் ஒழுங்காக வரும். தமிழ்நாடு அரசு மாணவர்களுக்குக் கொடுத்த விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது நினைவிருக்கலாம். பலர் அதைத் திறந்தே பார்க்கவில்லை.

மச்சான் கடையில் இப்போது இரண்டு கணினிகள். லேப்டாப்பை அன்றைக்கே அவர் பெயரில் ஒரு மைக்ரோசாஃப்ட் கணக்கு தொடங்கி இணைத்தோம். ஆக்டிவேஷன் பக்கத்தில் 'உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைந்த டிஜிட்டல் உரிமம்' என்ற வரி வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன். மூலையில் தூசி படிந்து கிடந்த பழைய டெஸ்க்டாப்பில் மின்ட் போட்டுக் கொடுத்தேன். பள்ளி விட்டு வரும் அவர் மகள் அதில் தமிழ்99 பழகுகிறாள்.